குப்பம்மாள் வெட்கப்பட வேண்டிய பெயர் அல்ல

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பெரியபாளையம். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் ஏறவில்லை. கணவர் வீட்டில் எண் கணிதம் பார்த்து 'ஷ', 'ஹ' எழுத்தில் ஒரு பட்டியல் வாங்கி வந்திருக்கிறார்கள். என் அப்பாவோ, நம் குடும்பத்துப் பெயர் ஒன்று வரட்டும் என்கிறார். எங்கள் குடும்பத்துப் பெயர்களைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா எத்திராஜுலு. தாத்தா செங்கல்வராயன். ஆயா துலுக்காணம். தாத்தாவின் அக்கா குப்பம்மாள். அப்பா ஏழுமலை, பெரியப்பா முனுசாமி, அம்மா அலமேலு. சின்ன அத்தை வேண்டாமிர்தம். என் பெயர் பவானி. குப்பம்மாள் பெயரைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்தப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா? இதில் எதையாவது என் மகளுக்கு வைக்கலாமா?

— ஒரு வாசகி, பெரியபாளையம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகள் பிறந்ததற்கு முதலில் என் வாழ்த்து. குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் குடும்பத்துப் பெயர்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துவிட்டால் அந்த முடிவை நீங்களே எடுத்துவிடுவீர்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குப்பம்மாளிடமிருந்தே தொடங்குகிறேன்.

நம் தொண்டை மண்டலத்தில் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள் என்ற பெயர்கள் இல்லாத ஊர் அபூர்வம். இவற்றுக்குப் பின்னால் ஒரு சடங்கு இருந்தது. ஒரு வீட்டில் ஒன்றிரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயிருக்கும். அடுத்த குழந்தை பிறந்ததும் அதை முறத்தில் கிடத்தி வீட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். மருத்துவச்சியோ பக்கத்து வீட்டுக்காரியோ, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று சொல்லி அதை எடுத்து வருவாள். பெற்றவளிடமே தவிட்டுக்கோ காசுக்கோ அதை விற்பாள். அன்றிலிருந்து அது குப்பையில் கிடைத்த பிள்ளை. தவம் கிடந்து பெற்றது என்று தெரிந்தால் கண் படும், காலன் தேடி வருவான். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்றால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். இதுதான் அந்தத் தாயின் நம்பிக்கை. 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று நாம் பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அந்தப் பேச்சும் இதே வழக்கத்தைச் சேர்ந்ததுதான். தெற்கே இதே பயத்தில் பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்று வைத்தார்கள். மடிப்பிச்சை எடுத்துப் பிச்சை, பிச்சையம்மாள் என்று வைத்தார்கள்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் போன்றவற்றைப் புரட்டினால், அன்றைய சென்னை மாகாணத்துப் பெயர்களும் பெயர் வைக்கும் வழக்கங்களும் எவ்வளவு பலவிதமானவை என்பது தெரியும். பெற்றவர்களின் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஐந்தில் ஒன்று. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இது 1,000-க்கு 13. உங்கள் மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டை போட்டுத் தடுப்பூசி போடுகிறார்கள். குப்பம்மாளின் தாய்க்கு அப்படி ஒரு அட்டையும் இல்லை, ஊசியும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற அவள் கையில் மிஞ்சியிருந்தது ஒரு பெயர் மட்டும்தான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். தெலங்கானாவில் பெண்டய்யா, பெண்டம்மா என்று பெயர்கள் உண்டு. பெண்ட என்றால் குப்பைமேடு. கன்னடத்தில் திப்பய்யா, திப்பண்ணா. திப்பெ என்றாலும் அதுவே. வங்காளத்தில் தீன்கோரி என்று பெயர் வைப்பார்கள். மூன்று சோழிக்கு வாங்கிய பிள்ளை என்று பொருள். ஜப்பான் முழுவதையும் தன் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்த தொயொதொமி ஹிதெயோஷி தன் முதல் ஆண் வாரிசுக்குச் 'சுதே' என்று பெயர் வைத்தார். தூக்கி எறியப்பட்டவன் என்று அர்த்தம். அந்தக் குழந்தை தங்கவில்லை. 1593-ல் அடுத்த மகன் பிறந்தபோது 'ஹிரோய்' என்று வைத்தார். எடுத்து வந்தவன் என்று அர்த்தம். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் கொசொக்கோ என்ற பெயர் இருக்கிறது. மண்வெட்டி இல்லை என்பது அதன் பொருள். குழி வெட்ட மண்வெட்டி இல்லை, அதனால் நீ சாகக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்கிற பெயர். 19-ஆம் நூற்றாண்டில் லாகோஸ் நகரை ஆண்ட அரசர் ஒருவருக்கே அந்தப் பெயர்தான். அரண்மனையில் பெற்றவர்களும் குடிசையில் பெற்றவர்களும் ஒரே பயத்துக்கு ஒரே மருந்தைத்தான் தேடியிருக்கிறார்கள்.

ஆனால் குப்பன் என்ற பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் நல்ல பொருள் தரும் பெயரையோ, 'சாமி' என்று முடியும் பெயரையோ வைத்துக்கொள்ளப் பல ஊர்களில் மேல்சாதியார் விடவில்லை. அங்கே குப்பன், சுப்பன் என்பவை பெற்றவர்கள் வைத்தவை அல்ல, மேலிருந்து திணிக்கப்பட்டவை. அதனால்தான் பெயர் நம் மாநிலத்தில் அரசியலாகவும் ஆனது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பின் வந்த தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அறிவழகன், தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்ற பெயர்கள் ஊர் ஊராகப் பரவின. பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொன்னதும் சாதி தெரியக் கூடாது என்று நினைத்த பெற்றோருக்கு அவை பெரிய விடுதலை.

உங்கள் குப்பம்மாளின் பெயர் எந்த வகை? உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: குப்பம்மாளுக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் உண்டா? அவர் தாத்தாவுக்கு அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கிய முதல் பிள்ளை அவராக இருந்தால், அந்தப் பெயருக்குக் காரணம் அதற்கு முன்னால் ஏற்பட்ட இழப்புதான். இனி யாராவது சிரித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்ட பிறகு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்து செங்கல்வராயன். இந்தப் பெயரைக் கேட்டதும் செங்கல் சூளை நினைவுக்கு வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செங்கல்லுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இது திருத்தணி முருகனின் பெயர். அந்த மலையில் செங்கழுநீர்ப் பூ முருகனுக்கு உரியது. தெலுங்கில் அல்லிக்குக் கலுவ என்று பெயர், சிவந்தது செங்கலுவ. செங்கழுநீர்ப் பூவை உடைய அரசன்தான் செங்கல்வராயன். தமிழும் தெலுங்கும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்திருக்கிற அழகான பெயர் இது. திருப்புகழுக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்த அறிஞர் வ.சு. செங்கல்வராய பிள்ளைக்கு இந்தப் பெயர்தான். 'தணிகைமணி' என்ற பட்டத்தால் அவரைத் தமிழ் உலகம் அறியும். உங்கள் தாத்தா பிறந்த சமயத்தில் குடும்பத்தில் யாராவது ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தார்களா என்று விசாரியுங்கள். இந்தப் பெயர் பெரும்பாலும் வேண்டுதலோடு வரும்.

கொள்ளுத்தாத்தா எத்திராஜுலு இராமாநுசரின் பெயரைச் சுமந்தவர். துறவிகளுக்கு அரசர் என்று பொருள்படும் யதிராஜர் என்பது இராமாநுசரின் பட்டம். அது மக்கள் வாயில் எத்திராஜ் ஆனது. அவர் 1017-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸ்ரீபெரும்புதூர் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். 1948-ல் சென்னையில் பெண்களுக்குக் கல்லூரி தொடங்கிய வழக்கறிஞர் வி.எல். எத்திராஜின் பெயரும் இதுவே. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர்க் கடைசியில் வரும் 'லு' தெலுங்கு மரியாதை. ராமுலு போன்ற பெயர்களில் வருவதும் அதுதான். இதை வைத்து உங்கள் குடும்பம் தெலுங்குக் குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அல்ல என்றும் முடிவு கட்டாதீர்கள். நம் பகுதியில் தமிழ் பேசும் வீட்டில் தெலுங்குப் பெயரும், தெலுங்கு பேசும் வீட்டில் தமிழ்ப் பெயரும் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன.

இங்கே மாநில எல்லை மிக இளையது. ம.பொ. சிவஞானம் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு விழுந்தபோது அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் இருந்த குடும்பங்கள் உண்டு. இன்று அவர்கள் பிள்ளைகளின் இனிஷியல்கூட வேறு வேறு. தெலுங்கு வழக்கில் பெயருக்கு முன்னால் வருவது 'இண்டி பேரு', அதாவது வீட்டுப் பெயர். அது தலைமுறை தாண்டியும் மாறாது. நம் வழக்கில் வருவது அப்பா பெயரின் முதல் எழுத்து. ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். உங்கள் குடும்பத்துப் பழைய பத்திரங்களில் கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருந்தால், ஒன்று வீட்டுப் பெயராக இருக்கலாம். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு எழுத்து போதும்.

ஏழுமலை, அலமேலு இருவரும் திருப்பதியின் பிள்ளைகள். சேஷாத்திரி, நீலாத்திரி, கருடாத்திரி, அஞ்சனாத்திரி, விருஷபாத்திரி, நாராயணாத்திரி, வேங்கடாத்திரி என்ற ஏழு மலைகளைச் சேர்த்து அப்பாவுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலை உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே ஓடுகிறது. புரட்டாசியில் கோவிந்தா போட்டுக்கொண்டு நடந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் ஏழுமலையும் கோவிந்தம்மாளும் வேங்கடேசனும் இல்லாமல் எப்படி இருக்கும்? அம்மாவின் பெயர் முதலில் அலர்மேல்மங்கை. மலர்ந்த தாமரை மேல் அமர்ந்திருக்கும் மங்கை, திருச்சானூர்த் தாயார். அலர்மேலு தேய்ந்து அலமேலு ஆனது. சங்கப் பாடல்களில் வரும் 'அலர்' என்ற சொல் அப்படியே இன்றும் உங்கள் அம்மாவின் பெயரில் இருக்கிறது.

முனுசாமி என்பது முனீஸ்வரன். வட மாவட்டத்து உச்சரிப்பில் முனிசாமி முனுசாமி ஆகிவிட்டார். துலுக்காணம், துலுக்காணத்தம்மன் என்ற ஊர்த் தெய்வத்தின் பெயர். சென்னையிலும் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கங்களிலும் அவளுக்குக் கோயில்கள் உண்டு. பெயரின் ஒலியை வைத்துப் பலரும் பல கதை சொல்வார்கள். உங்கள் ஆயாவுக்குப் பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்தது அந்த அம்மன்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவத்தில் வைக்கப்படும் வெகு சில பெயர்களில் இதுவும் ஒன்று.

இனி உங்கள் பெயர். பவன் என்பது சிவனுக்கு ஒரு பெயர். அவன் தேவி பவானி. ஆனால் பெரியபாளையத்துப் பவானியின் கதை வேறு பக்கம் போகிறது. தேவகியின் எட்டாவது பிள்ளைக்கு மாற்றாகச் சிறையில் கிடந்த பெண் குழந்தையைக் கம்சன் கொல்லத் தூக்கினான். அவன் கையிலிருந்து தப்பி வானில் எழுந்த மாயைதான் ஆரணியாற்றங்கரையில் வந்து அமர்ந்தாள் என்கிறது தலபுராணம். கண்ணனின் தங்கை என்பதால் சங்கும் சக்கரமும் அவள் கையில் இருக்கின்றன. அவளைக் கண்டெடுத்தவரும் ஒரு தெலுங்கு நாட்டு வளையல் வியாபாரி. சென்னைக்குப் போய் வளையல் விற்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில் இங்கே மரத்தடியில் படுத்தார். எழுந்து பார்த்தால் வளையல் மூட்டை புற்றுக்குள் போயிருந்தது. பின்னர் தோண்டியபோது கடப்பாரை பட்டு ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்ததும் நின்றது என்று சொல்வார்கள். கொல்லத் தூக்கிய கையிலிருந்து தப்பிய பெண் குழந்தையின் பெயரைத்தான் உங்களுக்கு வைத்திருக்கிறார்கள். வேப்பஞ்சேலை கட்டி வலம் வரும் பெண்களிடமும் அந்தப் பெயர் இருக்கும். ஆடியில் வண்டி கட்டி வந்து ஆற்றங்கரையில் பொங்கல் வைக்கும் சென்னைக் கடற்கரை மீனவர்களிடமும் இருக்கும். அவர்கள் குப்பங்களில் ஆண்களுக்குப் பாளையம் என்றே பெயர் வைப்பதுண்டு. அது உங்கள் ஊரின் பெயர்தான்.

மிச்சமிருப்பது சின்ன அத்தையின் பெயர். இதில் எனக்கு மென்மையாகப் பேச மனமில்லை. குப்பம்மாளும் வேண்டாமிர்தமும் ஒரே மாதிரித் தெரியலாம். இரண்டும் வேறு. குப்பம்மாள் என்ற பெயர் பிள்ளை சாகக் கூடாது என்பதற்காக வைத்தது. வேண்டாமிர்தம் என்ற பெயர் அடுத்தது பெண்ணாகப் பிறக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வேண்டாம், போதும்பொண்ணு என்று பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று நம்பினார்கள். 'அமிர்தம்' என்பதை ஒட்டுப்போட்டு அதற்குக் கொஞ்சம் இனிப்புப் பூசினார்கள், அவ்வளவுதான். நம் மாவட்டத்திலேயே திருத்தணி பக்கம் நாராயணபுரம் என்ற கிராமத்தில் பல பெண்களுக்கு வேண்டாம் என்றே பெயர் இருப்பது 2019-ல் செய்தித்தாள்களில் வந்தது. மராட்டியத்தில் இதே பொருளில் நகூஷா என்று வைப்பார்கள். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் அந்தப் பெயர் கொண்ட 280-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு விழா எடுத்து, அவர்களே தேர்ந்தெடுத்த புதுப் பெயர்களைச் சூட்டினார்கள். தமிழ்நாட்டிலும் பெயரை மாற்ற வழி இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்தால் அரசிதழில் வெளியிடுவார்கள். வயது ஒரு தடையல்ல. அத்தைக்கு அந்த விருப்பம் உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் அந்தப் பெயரோடு வாழ்ந்து பழகிவிட்டேன் என்றால் அதுவும் அவர் உரிமை. ஆனால் நம் வீட்டில் இனி எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பெயர் வராது என்று அவர் காது கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது குழந்தையின் பெயருக்கு வருவோம். தாத்தா பாட்டி பெயரைப் பேரப் பிள்ளைக்கு வைப்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். இதே தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவர்களில் முதலாம் மகேந்திரவர்மனின் பேரன் இரண்டாம் மகேந்திரவர்மன். இந்த வழக்கத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. மருமகள் மாமனார், மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது. அவர்கள் பெயரையே பிள்ளைக்கு வைத்தால் பெற்றவளே பிள்ளையைக் கூப்பிட முடியாது. அதற்காகத்தான் பெரியவரே, அப்பு, பாப்பா, குட்டி என்று கூப்பிடும் பெயர்கள் வந்தன. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் மூன்றாவது பெயர் என்று பல பெரியவர்கள் முதியோர் உதவித்தொகைக்கு அலைவதற்கு இது ஒரு காரணம்.

அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். குழந்தைக்குச் சட்டப்படி ஒரே ஒரு பெயர் வையுங்கள். இரண்டு வீட்டையும் சமாதானப்படுத்த இரண்டு பெயரை ஒட்டி நீளமாக வைக்காதீர்கள். படிவத்தில் ஒரு பாதி விழுந்துவிடும், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பாதியைத் தேட வேண்டியிருக்கும். அந்த ஒரு பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். உங்கள் அப்பா பெயரையே பாருங்கள்: ஏழுமலையை ஆங்கிலத்தில் 'இ' எழுத்தில் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள், 'ஒய்' எழுத்தில் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள், நடுவில் வரும் ழகரத்தையும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பதிவான பிறப்புக்கு 12 மாதத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

எண் கணிதத்தைப் பற்றி. இன்று நம் ஊரில் பார்க்கும் பெயர் எண் முறையைப் பெரிதும் பரப்பியவர் கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் (1866–1936). அவர் கணக்கு ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுப்பது. தமிழில் உங்கள் மகளை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கூட்டுத்தொகை வருவதற்காக நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் யாரும் சரியாகப் படிக்க முடியாத ஒரு பெயர்தான் மிஞ்சும். 'ஷ', 'ஹ' எழுத்துகள் மீது எனக்கு விரோதம் இல்லை. என் வருத்தமெல்லாம், அந்தப் பட்டியல்களில் பல பெயர்களுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது என்பதுதான். 'கடவுளின் பரிசு', 'ஒளி' என்று பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பி வைத்துவிடுகிறார்கள். பட்டியலில் ஒரு பெயர் உங்கள் கணவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தால், அது எந்த மொழிச் சொல், எந்த நூலில் வருகிறது என்று கேளுங்கள். பதில் இருந்தால் வையுங்கள்.

என் யோசனை கேட்டதால் சொல்கிறேன். துலுக்காணம், எத்திராஜுலு என்று அப்படியே வைக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் பெயருக்குள் அலர்மேல்மங்கை இருக்கிறாள். அந்த முழுப் பெயரையே வைக்கலாம். நீளம் என்று தோன்றினால் மங்கை என்று வைக்கலாம். மங்கை என்ற பெயரை எந்த மாநிலத்துக்காரரும் ஒரு முறை கேட்டுத் திருப்பிச் சொல்லிவிட முடியும், ஆங்கிலத்தில் எழுதவும் எளிது. கணவர் வீட்டாருக்கும் தாயார் பெயர் என்று மறுப்பு இருக்காது. 'அலர்' என்று மட்டும் சுருக்க வேண்டாம். அதற்குப் பூ என்ற பொருளோடு ஊரார் பழிச்சொல் என்ற பொருளும் இலக்கியத்தில் உண்டு. மாமியாரின் குடும்பத்துப் பெயர்களையும் இதே போலக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் தேய்ந்துபோன நல்ல பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். அது மங்கையைவிடப் பிடித்திருந்தால் அதையே வையுங்கள். குழந்தை இரண்டு குடும்பத்துக்கும் சொந்தம்.

கடைசியாக உங்களிடமும், இதைப் படிக்கும் மற்றவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆடி மாதத்தில் சொந்தங்கள் பெரியபாளையத்துக்கு வரும்போது, ஒரு நோட்டு வாங்கி வயதானவர்களைச் சுற்றி உட்காருங்கள். தெரிந்த அத்தனை பெயர்களையும், யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதோடு எழுதுங்கள். தங்காமல் போன பிள்ளைகளையும் விடாதீர்கள். உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு அதுவும் தெரியாது. இந்த ஆண்டே எழுதிவிடுங்கள்.